இணைப்பைத் துண்டித்தால் ஒன்றும் ஆகாது: தொலைபேசி, இணைய மோசடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 31 ஆண்டுகள் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இந்த மோசடிகளைப் பற்றிப் பேசிவருகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ஓய்வூதியம் வாங்குபவர்கள். மீதிப் பேர் அவர்களை வண்டியில் அழைத்துவரும் பிள்ளைகள். அங்கே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

‘சோஷியல் எஞ்சினியரிங்’ என்கிறார்களே, அது என்ன?

பூட்டை உடைக்காமல், வீட்டுக்காரர் கையாலேயே கதவைத் திறக்க வைக்கும் வித்தை. தமிழில் சமூகப் பொறியியல் என்று எழுதுகிறார்கள். வங்கியின் கணினிக்குள் நுழைவது கடினம். வங்கி வாடிக்கையாளரிடம் பேசி அவரையே பணம் அனுப்ப வைப்பது அதைவிட மிக எளிது. இதற்குப் பெரிய கணினி அறிவும் தேவையில்லை. 2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரிடம் தொலைபேசியில் பேசி ஏமாற்றியே உள்ளே புகுந்தார்கள். ஒபாமா, பில் கேட்ஸ், ஈலான் மஸ்க் ஆகியோரின் கணக்குகளிலிருந்து பிட்காயின் கேட்டுப் பதிவுகள் வெளியாகின. அந்த வழக்கில் முக்கியக் குற்றவாளிக்கு வயது 17.

நம் நாட்டு நிலவரம் இது: 2023இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி. இவை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குகள். ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

நான் படித்தவன், உலகம் தெரிந்தவன். நான் ஏமாற மாட்டேன் அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

லூதியானாவில் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் பத்மபூஷண் விருது பெற்றவர். 2024 ஆகஸ்டில், அவருடைய 82ஆம் வயதில், சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வீடியோ அழைப்பில் வந்தார்கள். பணமோசடி வழக்கு ஒன்றில் அவர் பெயர் இருப்பதாகச் சொன்னார்கள். இணையத்திலேயே உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றை நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதியாகவும் ஒருவன் நடித்தான். 7 கோடி ரூபாய் போயிற்று. காவல்துறை விரைந்து செயல்பட்டதால் 5 கோடிக்கு மேல் மீண்டது. பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்து, ஆயுள் முழுதும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு வந்த மனிதர் அவர். அவருக்கு அறிவு குறைவு என்று யார் சொல்ல முடியும்?

இந்த மோசடிகள் நம் குணத்தைக் குறிவைக்கின்றன. சட்டத்துக்குப் பயப்படுகிறவர், சீருடையைக் கண்டால் எழுந்து நிற்கிறவர், கடன் பாக்கி வைக்காதவர், அடுத்தவர் துன்பம் என்றால் உடனே உதவுகிறவர் ஆகியோரே முதலில் விழுகிறார்கள். பயம், அவசரம், மரியாதை, ஆசை, இரக்கம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றைத் தூண்டிவிட்டு, யோசிக்க இடம் கொடுக்காமல் அடுத்த காரியத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். கூடவே ஒரு வசனம் வரும். நான் பார்த்த அத்தனை வழக்கிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அது இருந்தது: “இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.” மற்ற எதை மறந்தாலும் இந்த வசனத்தை மறந்துவிடாதீர்கள். அதைக் கேட்ட நொடியில் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

‘டிஜிட்டல் கைது’ எப்படி நடக்கிறது?

முதலில் ஒரு பதிவுக் குரல் வரும். “உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9ஐ அழுத்துங்கள்” என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் பெயரால் பேசும். அல்லது, உங்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரால் பேசுவார்கள். அங்கிருந்து மும்பை போலீசுக்கோ டெல்லி போலீசுக்கோ மாற்றுவதாகச் சொல்லி வீடியோ அழைப்புக்கு வரச் சொல்வார்கள். சீருடை, பின்னால் துறையின் சின்னம், வாக்கிடாக்கிச் சத்தம் எல்லாம் இருக்கும். உங்கள் ஆதார் எண்ணை அவர்களே ஒப்பிப்பார்கள். முத்திரை குத்திய கைது ஆணை வாட்ஸ்அப்பில் வரும். பிறகு கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டுப் போகக் கூடாது, வீட்டாரிடம் பேசக் கூடாது என்பார்கள். கடைசியில், உங்கள் பணம் நேர்மையானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், முழுத்தொகையையும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், சரிபார்த்ததும் திரும்பி வந்துவிடும் என்பார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். காலை 11 மணி. எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உள்ளே வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே காவலாளி முதல் எல்லோரிடமும் நலம் விசாரித்துக்கொண்டு வருகிறவர். அன்று யாரையும் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். மூன்று வைப்புத்தொகை ரசீதுகளை எடுத்து வைத்தார். மூன்றையும் முறித்து, 18 லட்சத்தையும் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்ப வேண்டும் என்றார். பெறுபவர் பெயராக, வடகிழக்கு மாநிலம் ஒன்றில் உள்ள ஏதோ ஒரு வணிக நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தார்.

“என்ன சார், விசேஷமா?” என்று கேட்டேன்.

“மகனுக்கு வீடு வாங்குகிறோம்.”

மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தும் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் கைபேசி. அதன் கேமரா பைக்கு மேலே எட்டிப் பார்த்தபடி என்னை நோக்கி இருந்தது. காதில் ஒரு கம்பி. நான் பேசுவதை வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணம் செலுத்தும் சலான் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மேசை விளிம்புக்குக் கீழே வைத்து எழுதினேன்: “யாராவது மிரட்டுகிறார்களா? ஆம் என்றால் பேனாவைக் கீழே வையுங்கள்.” வாயில் மட்டும், “படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று சார், இங்கே பாருங்கள்” என்றேன்.

அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பேனா கையிலேயே இருந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு அதைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார்.

நானே கையை நீட்டிக் கைபேசியை எடுத்து அணைத்தேன். “ஐயோ, லைனைத் துண்டித்தால் கைது செய்துவிடுவார்கள்” என்று எழுந்து நின்றுவிட்டார். மேலாளர் அறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தோம். முந்தைய நாள் காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. இரவு முழுவதும் கேமரா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் மனைவி அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறார். அந்த அம்மாவிடம்கூட ஒரு சொல் சொல்லவில்லை.

சட்டத்தில் அப்படி ஒரு கைது இருக்கிறதா?

இல்லை. கைது என்றால் ஆள் நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தரும் உரிமை. விசாரணைக்கு வரச் சொல்லும் போலீஸ் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கியோ தனிமனிதர் எவருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை. ஆகவே “ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்ற பேச்சே பொய். 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வகை வழக்குகளின் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

அப்படி அழைப்பு வந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

இணைப்பைத் துண்டியுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், “நான் வைத்துவிடட்டுமா” என்று அனுமதி கேட்கவும் வேண்டாம். திரும்ப அழைத்தால் எடுக்காதீர்கள். உடனே யாராவது ஒருவரிடம் பேசுங்கள்: மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. வாய்விட்டுச் சொல்லும்போதே பாதிக் கதை உடைந்துவிடும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். உண்மையிலேயே வழக்கு இருந்தால் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அழைப்பு வந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் புகாராகப் பதியலாம். பணம் போகாவிட்டாலும் பதியுங்கள்.

வங்கியிலிருந்து வரும் உண்மையான அழைப்பை எப்படி அடையாளம் காண்பது?

இப்போது வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகளும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்றப்பட்டிருக்கின்றன. இரண்டும் நல்ல அடையாளங்கள். ஆனால் எனக்கு இதைவிடப் பழைய வழியில்தான் நம்பிக்கை. யார் அழைத்தாலும் சரி, “நானே கூப்பிடுகிறேன்” என்று வைத்துவிட்டு, ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்ணை அழைக்காதீர்கள். மோசடிக்காரர்களே தங்கள் எண்ணை அங்கே போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள்.

ஓ.டி.பி., பின், அட்டையின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் ஆகியவற்றை எந்த வங்கி ஊழியரும் கேட்க மாட்டார். இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய வேலையே எங்களுக்குக் கிடையாது.

எனக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் போட வேண்டுமா?

வேண்டாம். பணம் வருவதற்குப் பின் போடவும் வேண்டாம், கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இருப்பைப் பார்ப்பதற்குத் தவிர வேறு எதற்குப் பின் போட்டாலும், பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள். பழைய கட்டிலையோ பிரிட்ஜையோ விற்க விளம்பரம் போட்டவரிடம், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி முன்பணம் அனுப்புகிறேன் என்று கியூ.ஆர். குறியீடு அனுப்புகிறவர்கள் இந்தக் குழப்பத்தை வைத்தே பிழைக்கிறார்கள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் ‘பணம் கேட்கும் கோரிக்கை’ அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கியூ.ஆர். வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

“தவறுதலாக உங்களுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்று அழுகிறவர்களும் உண்டு. குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கின் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தால், தன் வங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது, திறக்கலாமா?

கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கும். ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தால் அது ஒரு செயலி. நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்து, ஓ.டி.பி.யை எங்கோ இருப்பவருக்கு அனுப்பும். போக்குவரத்து அபராதச் சலான், வங்கியின் கே.ஒய்.சி. புதுப்பிப்பு, உதவித்தொகைப் பட்டியல் என்று பல பெயர்களில் இதே கோப்பு சுற்றுகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டாம். அவர் கைபேசியை ஏற்கெனவே பிடித்து, அதிலிருந்து எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்கள். தவறி நிறுவிவிட்டால் முதலில் இணையத்தை அணைத்து விமானப் பயன்முறையில் போடுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

“இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்” என்று செய்தி வருகிறதே?

2022இலிருந்து இது நம் ஊரில் உலவுகிறது. என் சித்திக்கும் வந்தது. பில் கட்டிய சீட்டு அவர் கையிலேயே இருந்தும், 9.30 என்ற நேரத்தைப் பார்த்துப் பதறி அந்த எண்ணை அழைத்துவிட்டார். மறுமுனையில் பேசியவன் மிகப் பணிவாக, “10 ரூபாய் மட்டும் கட்டுங்கள் அம்மா, கணினியில் ஏற்றிவிடுகிறேன், அதற்கு முன் ஒரு செயலியைப் பதிவிறக்குங்கள்” என்றிருக்கிறான். திரைப் பகிர்வுச் செயலி அது. நீங்கள் கைபேசியில் எதைத் தட்டினாலும் அவனுக்குத் தெரியும். எனிடெஸ்க் போன்ற செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. சித்தியின் போனில் இடமில்லாததால் செயலி இறங்கவில்லை. அந்த ஒன்றுதான் அவரைக் காப்பாற்றியது.

மின்வாரியம் தனிமனிதர் ஒருவரின் பத்து இலக்கக் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கூப்பிடச் சொல்வதில்லை. கட்டியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ அதன் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் குரலிலேயே, முகத்திலேயே பேசினால்?

2023 ஜூலையில் கோழிக்கோட்டில், ஓய்வுபெற்ற பொதுத்துறை நிறுவன ஊழியர் ஒருவரிடம் பழைய சக ஊழியர் என்று சொல்லி ஒருவன் வாட்ஸ்அப்பில் பேசினான். பொது நண்பர்களின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தான். உறவினருக்கு அறுவை சிகிச்சை, 40,000 ரூபாய் வேண்டும் என்றான். அவருக்குச் சந்தேகம் வரவே வீடியோ அழைப்பிலும் வந்தான். முகம் நண்பருடையதே. சில நொடிகள்தான் தெரிந்தது. பணம் அனுப்பினார். இன்னும் 35,000 கேட்டபோதுதான் உண்மையான நண்பரின் எண்ணை அழைத்திருக்கிறார். 2024இல் வெளிவந்த ஹாங்காங் வழக்கில், பிரிட்டனின் ஆரப் நிறுவனத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளையும் சக ஊழியர்களையும் பார்த்தார். அத்தனை பேரும் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட போலிகள். ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலர் போயிற்று.

கோழிக்கோட்டுக்காரர் கடைசியில் செய்ததை முதலிலேயே செய்யுங்கள்: வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அழையுங்கள். வீட்டுக்குள் ஒரு இரகசியச் சொல்லையும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் என் பாட்டி வளர்த்த பசுவின் பெயர். இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

வாட்ஸ்அப் கணக்கையே பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. “என் கோடு தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்பார்கள். அது உங்கள் கணக்கின் சாவி. வாட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவையுங்கள்.

டெலிகிராமில் பகுதிநேர வேலை, வாட்ஸ்அப்பில் பங்குச் சந்தைக் குழு. எல்லாமே மோசடியா? என் மகனுக்கு முதல் நாள் உண்மையிலேயே பணம் வந்ததே?

வரும். அயிரையைப் போட்டு விராலைப் பிடிக்கிறார்கள். வீடியோவுக்கு விருப்பக்குறி போட்டால் 50 ரூபாய் என்று தொடங்கி முதல் நாள் 150, மறுநாள் 300 கணக்கில் ஏறும். அந்த 450 ரூபாய்தான் அவர்களுடைய முதலீடு. அது வந்த பிறகு, எச்சரிக்கும் அப்பாவை விடக் குழுவை நம்பத் தோன்றும். பிறகு ‘முன்பணப் பணி’ வரும்: 1,000 கட்டினால் 1,300, 5,000 கட்டினால் 7,000. ஒரு கட்டத்தில் “நீங்கள் தவறாகச் செய்ததால் கணக்கு முடங்கிவிட்டது, 40,000 கட்டினால் எல்லாமும் விடுவிக்கப்படும்” என்பார்கள். ஏற்கெனவே போட்ட பணத்தை மீட்கவே மேலும் மேலும் போடுவார்கள் பிள்ளைகள். அங்கேதான் நகைக்கடனும் நண்பர்களிடம் கைமாற்றும் தொடங்குகின்றன.

பங்குச் சந்தைக் குழுவில் இருக்கும் 200 பேரில் பலர் அவர்களுடைய ஆட்களே. “நன்றி சார், இன்று 80,000 லாபம்” என்று படம் போடுவதற்காகவே இருப்பவர்கள். செயலியில் தெரியும் லாபம் வெறும் எண்கள். எடுக்கப் போனால் 20 சதவீதம் வரி கட்டு என்பார்கள். வரியை லாபத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆலோசனை தருபவர், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்று செபி தளத்தில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறுவேறு பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பதிவு செய்துவிட்டு மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

இதைக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்பதில்லை. முடிந்தபின் வாசலில் காத்திருந்து கேட்கிறார்கள். கல்லூரி மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால், கொடுக்கக்கூடியவர் என்று குறித்துக்கொண்டு திரும்ப வருவார்கள். மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவைத்துக்கொண்டு எண்ணைத் தடைசெய்யுங்கள், சமூக ஊடக நண்பர் பட்டியலை மறையுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் இருக்கிறது. பிறகு போலீஸ் அதிகாரி என்று இன்னொருவன் பேசுவான், அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள் என்பான். அவனும் அதே கும்பல்தான்.

அவமானம் தாங்க முடியாது, உயிரோடு இருப்பதில் பயனில்லை என்று மனம் போகிறது என்றால், தயவுசெய்து இந்த நிமிடமே மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 அல்லது தமிழ்நாட்டின் 104 எண்ணில் பேசுங்கள். உங்களுக்கு எதிராகக் குற்றம் செய்திருக்கிறார்கள். நீங்கள் குற்றவாளி இல்லை.

நண்பன் கேட்டான் என்று என் மகள் தன் வங்கிக் கணக்கைக் கொடுத்திருக்கிறாள். மாதம் 5,000 தருகிறார்களாம். பரவாயில்லையா?

இன்றே வங்கிக்குப் போய் முடக்கச் சொல்லுங்கள். திருடிய பணம் இப்படிப்பட்ட வாடகைக் கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. போலீஸ் தேடி வரும்போது கணக்கில் இருக்கும் பெயர் உங்கள் மகளுடையது, முகவரி உங்களுடையது. சிம் கார்டு வாங்கிக் கொடுப்பதும் அப்படியே. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதையும் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

மறுமுனையில் பேசுகிறவர்கள் யார்?

ஜார்க்கண்டின் ஜாம்தாரா போன்ற ஊர்களிலிருந்து பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் பெருந்தொகை மோசடிகளில் பல, மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் உயர்ந்த மதில்களுக்குள் நடக்கும் கூடங்களிலிருந்து வருகின்றன. அங்கே பேசுகிறவர்களில் பலர் அடைத்து வைக்கப்பட்டவர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022இல் மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, மோசடி செய்ய மறுத்தால் அடியும் பட்டினியும் என்று வதைபட்டு மீட்கப்பட்டார்கள். தமிழில் பேசி ஏமாற்ற ஒரு தமிழ்ப் பிள்ளைதான் அவர்களுக்கு வேண்டும். டேட்டா என்ட்ரி வேலைக்குச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று எந்த முகவர் சொன்னாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது.

கடைச் செயலிகளும் “இன்னும் 2 மட்டுமே இருக்கிறது” என்று அவசரப்படுத்துகின்றனவே?

அதற்கும் விதி இருக்கிறது. இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களை ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடைசெய்தது. பொய் அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை நிறுத்த முடியாமல் அலைய விடுவது எல்லாம் அதில் அடங்கும். 1915 எண்ணில் புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன?

1930ஐ அழையுங்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அழையுங்கள். போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டோ கிரிப்டோவாக மாறியோ போய்விடும். வழியில் எங்காவது பிடித்து நிறுத்தத்தான் இந்த எண். எப்போது போயிற்று, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கேட்பார்கள். வங்கிச் செயலியில் அந்த வரியைத் தட்டினால் எண் தெரியும். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியுங்கள். அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கட்டும். பிறகு சைபர் குற்றப் பிரிவுக்கோ ஊர்க் காவல் நிலையத்துக்கோ போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிட்டு வருகிறவர்கள் பலர். சாட்சியமும் அதோடு போய்விடுகிறது.

சில வாரங்கள் கழித்து, “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்” என்று ஒருவர் அழைப்பார். பெரும்பாலும் அதே கும்பல், அதே பட்டியல்.

வங்கி பணத்தைத் திருப்பித் தருமா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த கோளாறால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தால், இழப்பு உங்களைச் சேராது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். ஓ.டி.பி.யையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகை உங்களுடையது. தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. ஆகவே மானத்தைப் பார்த்து ஒரு நாள் தள்ளிப்போடுவது உங்களுக்குத்தான் நட்டம். இந்த விதி ஏமாந்தவர்களுக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம். 40 ஆண்டுகளாகச் சிறுசிறு தொகையாகவே கணக்கு நடத்திவந்த ஒருவர் ஒரே காலையில் எல்லா வைப்புகளையும் முறித்து முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பும்போது, நிறுத்திக் கேட்கும் கடமை வங்கிக்கும் இருக்க வேண்டும்.

அப்பா ஏமாந்துவிட்டார். அவரிடம் எப்படிப் பேசுவது?

“இதைக்கூடவா தெரியவில்லை?” என்று கேட்காதீர்கள். அவர் தன்னையே ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருக்கிறார். கைபேசியைப் பிடுங்கிவைக்காதீர்கள், வங்கி அட்டையை வாங்கிவைக்காதீர்கள். சில நாட்கள் தனியாக விடாதீர்கள். புகார் கொடுக்கப் போகும்போது கூடவே போங்கள், அவரையே பேச விடுங்கள். என்றைக்காவது சந்தேகமான அழைப்பு வந்தால், நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாலும் எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள்.

அன்று எங்கள் கிளைக்கு வந்த தலைமையாசிரியருக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை. அப்படியும் அவர் வெளியே வராமல் பல வாரங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் மனைவிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். முதல் இரண்டு கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது கூட்டத்தில் டிஜிட்டல் கைது பற்றி யாரோ கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து எழுந்து, “அதை நான் சொல்கிறேன்” என்றார்.